ஒலிக்காத கருவியை நம்பித் தோண்டலாமா?

சென்னையின் பழைய தெரு ஒன்றைத் தோண்டினால் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்வாரியக் கேபிள், தொலைபேசிக் கேபிள், இணைய இழை எல்லாம் சில அடி அகலத்துக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும். இப்போது எரிவாயுக் குழாயும் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஜேசிபி வாளி இவற்றில் ஒன்றில் பட்டால் போதும், ஒரு தெருவுக்கே தண்ணீரோ மின்சாரமோ நின்றுவிடும். சில வேளை தோண்டுகிறவரின் உயிரே போய்விடும். தோண்டுமுன் தகவல் கேட்பதற்கான ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலியை மத்திய அரசு 2023 மார்ச்சில் தொடங்கியபோது, கேபிள் வெட்டுகளால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று கணக்குச் சொன்னது. ஆகவே, லொக்கேட்டர் எனப்படும் மின்காந்தக் கருவி வேலைத்தளங்களுக்கு வருவது நல்லதுதான். அதைப் பயன்படுத்தும் முறையில்தான் ஆபத்து இருக்கிறது. கருவி ஒலிக்காத இடத்தில் அடியில் ஒன்றுமே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

கருவி பார்ப்பது குழாயை அல்ல, கேபிளையும் அல்ல. மாறுமின்னோட்டம் ஓடும் உலோகத்தைச் சுற்றி எழும் காந்தப்புலத்தை மட்டுமே அதன் சுருள்கள் உணர்கின்றன. மின்கேபிள் என்றால் 50 ஹெர்ட்ஸ் ஓட்டமே அதைக் காட்டிக்கொடுக்கும். மற்றவற்றுக்கு டிரான்ஸ்மிட்டர் என்ற துணைக்கருவியைக் குழாயின் வால்வோடு நேரடியாக இணைத்தோ, கேபிளைச் சுற்றிக் கவ்வியை மாட்டியோ நாமே ஓர் அலையைச் செலுத்த வேண்டும். பயிற்சி பெற்ற ஒருவர் இந்த முறையில் ஒரு கேபிளின் பாதையைச் சில சென்டிமீட்டர் பிழைக்குள் தரையில் கோடாக வரைந்துவிடுவார். சாலையை உடைக்காமல், போக்குவரத்தை நிறுத்தாமல், நிமிடங்களில் கிடைக்கும் இந்தத் தகவலைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் டிரான்ஸ்மிட்டரைத் தொடாமல், கருவியை மின்கேபிள் தேடும் நிலையில் வைத்துத் தளத்தைக் குறுக்கே ஒருமுறை நடந்துவிட்டு வேலையைத் தொடங்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. இதை ஏற்கவே முடியாது. மின்னழுத்தம் இருந்தும் அதிலிருந்து யாரும் மின்சாரம் எடுக்காத கேபிளில் ஓட்டம் ஏறக்குறைய இல்லை. ஓட்டம் இல்லையென்றால் காந்தப்புலமும் இல்லை, கருவியும் பேசாது. கடப்பாரை பட்டால் அதே கேபிள் கொல்லும். மும்முனைக் கேபிளில் மூன்று முனைகளின் சுமையும் சமமாக இருந்தால் அவற்றின் புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதனால் நிறையச் சுமை தாங்கும் பெரிய கேபிளே கருவிக்குத் தட்டுப்படாமல் போகலாம். மிக ஆபத்தான இடத்தில் இந்தக் கருவி ஏமாற்றக்கூடும் என்பதைத் தோண்டுகிறவர்களுக்கு யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

குழாய்களின் கதை வேறு. ஈயம் காய்ச்சி ஊற்றி இணைத்த பழைய வார்ப்பிரும்புக் குழாயில் அலை வெகுதூரம் ஓடும். அதற்குப் பதிலாக வரும் புதிய இரும்புக் குழாய்களிலோ சில மீட்டருக்கு ஒரு ரப்பர் வளைய இணைப்பு இருப்பதால் மின்பாதை அறுபடுகிறது. அலைவெண்ணை 512 ஹெர்ட்ஸிலிருந்து 33 கிலோஹெர்ட்ஸுக்கோ அதற்கு மேலோ உயர்த்தினால் அலை இணைப்பைத் தாண்டும். ஆனால் பக்கத்துக் கேபிளிலும் ஏறிக்கொள்ளும், பிறகு எந்தக் கோடு எதனுடையது என்பதே குழப்பமாகிவிடும். எச்.டி.பி.இ., பி.வி.சி. குழாய்களுக்கு இந்த முறை அறவே உதவாது. பதிக்கும்போதே கூடவே ஒரு செம்புக் கம்பியை ஓட்டியிருந்தால் அவற்றையும் கண்டுபிடித்துவிடலாம். சில ஆயிரம் ரூபாய் மிச்சப்படுத்தக் கம்பியை விட்டுவிடுவது அடுத்த தலைமுறைத் தொழிலாளிக்குச் செய்யும் துரோகம்.

திரையில் தெரியும் ஆழத்தையும் அப்படியே நம்பக் கூடாது. அது ஓட்டத்தின் மையம் வரையான ஆழம், குழாயின் மேல்விளிம்பு வரை அல்ல. 600 மில்லிமீட்டர் குழாய்க்குக் கருவி 1.2 மீட்டர் என்று காட்டினால், குழாயின் முதுகு 90 சென்டிமீட்டரிலேயே வந்துவிடும். அருகில் இன்னொரு கேபிள் இருந்தால் புலம் கோணி அந்த எண்ணும் கெடும். அலை உச்சமாகும் இடமும் அடங்கும் இடமும் ஒன்றாக அமைகின்றனவா என்று இரண்டு நிலைகளிலும் பார்ப்பது தேர்ந்தவர்களின் வழக்கம். அவை விலகினால் ஆழக்கணக்கை ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

இந்தக் குறைகளுக்கெல்லாம் ஜி.பி.ஆர். என்ற தரை ஊடுருவும் ராடார் தீர்வு என்று விற்கிறார்கள். அது பிளாஸ்டிக்கையும் காட்டும் என்பது உண்மை. ஆனால் ஈரக் களிமண்ணும் உப்புநீரும் ராடார் அலையை விழுங்கிவிடும். தியாகராய நகர், அண்ணா நகர் பக்கம் களிமண். திருவான்மியூர், சாந்தோம் மணலில் ராடார் நன்றாகவே பார்க்கும், கடலோர நிலத்தடி நீர் உப்பாக இல்லாதவரை. மண்ணைச் சோதிக்காமல் ராடாரை வாடகைக்கு எடுப்பது பணவிரயம்.

பிரிட்டனில் 2014-இல் வந்த பாஸ் 128 என்ற தரக்குறிப்பு இந்த இடத்தில் நமக்கு வழிகாட்டுகிறது. அது தகவலை நான்கு தரங்களாகப் பிரிக்கிறது. பழைய வரைபடம் கடைசி. மேன்ஹோல் மூடிகளை நேரில் பார்த்து ஒப்பிடுவது அதற்கு மேல். கருவியும் ராடாரும் தருவது இரண்டாம் தரம். குழி தோண்டிக் கண்ணால் பார்த்தது மட்டுமே முதல் தரம். எவ்வளவு விலையுயர்ந்த கருவியானாலும் அதன் சொல் இரண்டாம் தரச் சான்றுதான் என்று எழுத்தில் இருப்பது பொறியாளருக்குத் துணிவு தரும். வரைபடத்தையும் கையால் தோண்டும் சோதனைக் குழியையும் இணைக்கும் நடுப்படி என்ற இடத்தில் லொக்கேட்டரை வைத்தால் அதன் மதிப்பு முழுமையாகக் கிடைக்கும்.

நம் ஊரில் தோண்டிய மீட்டருக்குத்தான் பில் போடப்படுகிறது. தேடிய நேரத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? தேடிக் கண்டது எங்கேயும் பதிவாவதும் அரிது. அதே தெருவை அடுத்த ஆண்டு இன்னொரு துறை புதிதாகத் தேடித் தோண்டுகிறது. டெண்டர் எழுதும் அதிகாரிகளிடம் கேட்பது இவ்வளவுதான். லொக்கேட்டர் ஆய்வுக்கும் சோதனைக் குழிக்கும் தனித்தனி இனமாகத் தொகை ஒதுக்குங்கள். டிரான்ஸ்மிட்டர் இல்லாமல் செய்த ஆய்வுக்குப் பணம் தராதீர்கள். கண்டதையெல்லாம் அளவோடு வரைபடத்தில் ஏற்றிய பிறகே பில்லில் கையெழுத்திடுங்கள்.