பிளேட்லெட்டை முந்திக் காட்டுங்கள்

ஷிகா நச்சு ஈ.கோலை பற்றிய பயோமார்க்கர் கட்டுரைகளை வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் எல்லாம் ஒரே கட்டுரை மாதிரித் தெரிய ஆரம்பிக்கும். ரத்த வயிற்றுப்போக்கோடு வந்து சிறுநீரகம் கெட்டுப்போன குழந்தைகள் கொஞ்சம் பேர், ஒப்பிட ஆரோக்கியமான குழந்தைகள் கொஞ்சம் பேர். இன்டர்லூக்கின், ஆஞ்சியோபொயட்டின், த்ராம்போமாடுலின், என்கால் என்று ஏதோ ஒன்றை அளந்திருப்பார்கள். நோயாளிகளிடம் அது அதிகமாக இருக்கும். கடைசிப் பத்தியில் "முன்கணிப்புக்குப் பயன்படலாம்" என்று முடித்திருப்பார்கள். அந்த "லாம்" மேல்தான் எனக்கு வழக்கு.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாக. ஈ.கோலை ஓ157 தொற்றிய சிறு குழந்தைகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு ஹெச்.யூ.எஸ். வருகிறது. சிவப்பணு உடைகிறது, பிளேட்லெட் சரிகிறது, சிறுநீரகம் நின்றுபோகிறது. பேதி தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரம் கழித்துத்தான் இது தலைகாட்டும். பயோமார்க்கர் வேலை செய்ய வேண்டிய இடம் அந்த ஒரு வாரம்தான். சிறுநீரகம் கெட்ட பிறகு எடுத்த ரத்தத்தில் எந்தப் புரதம் ஏறியிருந்தால் என்ன? அது நடந்ததைச் சொல்கிறதே தவிர, நடக்கப்போவதைச் சொல்லவில்லை. ஒப்பீடும் தப்பு. டாக்டர் முன்னால் நிற்கும் கேள்வி "இந்தப் பிள்ளைக்கு நோய் இருக்கா?" என்பதல்ல. ஒரே கிருமி தொற்றிய பத்துப் பிள்ளைகளில் யார் மோசமாகப் போவார்கள் என்பதுதான்.

இதைச் சரியாகச் செய்தவர்களும் உண்டு. 2002-ல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் சேண்ட்லர் குழுவினர் வெளியிட்ட ஆய்வை நான் இன்னும் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். ஓ157 உறுதியான 53 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 16 பேருக்குப் பிறகு ஹெச்.யூ.எஸ். வந்தது. அந்த 16 பேரிடம் டி-டைமர் உள்ளிட்ட ரத்த உறைவுக் குறியீடுகள், பிளேட்லெட் இறங்குவதற்கு முன்பே ஏறியிருந்தன. ஆனாலும் அது சராசரிக் குழந்தையைப் பற்றிய செய்தி. இரண்டு குழுக்களின் இடைநிலை அளவுகள் வேறுபட்டாலும், தனிப்பட்ட குழந்தைகளின் எண்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கலாம். கட்டிலில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு அந்த எண்ணை வைத்து என்ன சொல்வது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல சோதனை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஹெச்.யூ.எஸ். வரப்போகிறவர்களில் பத்துக்கு ஒன்பதைப் பிடிக்கிறது, வராதவர்களில் பத்துக்கு எட்டைச் சரியாக விடுவிக்கிறது. ஓ157 தொற்றிய 100 குழந்தைகளில் வரப்போகிறவர் 15. பிடிபடுவது 13 அல்லது 14. மீதி 85 பேரில் பொய் எச்சரிக்கை 17. அதாவது "ஆபத்து" என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் பாதிக்கு மேல் தானாகவே தேறிவிடுவார்கள். கட்டுரையின் சுருக்கத்தில் இந்த 17 பேர் வரவே மாட்டார்கள்.

எதிரில் நிற்கும் போட்டியாளரையும் பாருங்கள். 2000-ல் வந்த வாங் குழுவின் ஆய்வு, ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஹெச்.யூ.எஸ். ஆபத்து கூடுகிறது என்று சொன்னதற்காகப் பேசப்பட்டது. அதே ஆய்வில், முதல் நாள் வெள்ளையணு எண்ணிக்கை கூடுதலாக இருந்தவர்களுக்கும் ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. இது சாதாரண ரத்தச் சோதனை. எந்த லேபிலும் உண்டு. தினமும் பிளேட்லெட் எண்ணிப் பார்த்து, அது நிலைத்து நின்றதும் மூச்சு விடுவதுதான் இன்றைக்கும் நடைமுறை. புதுக் குறியீடு ஒன்று இந்த இரண்டோடும் சேர்த்துப் பார்க்கும்போது கூடுதலாக என்ன சொல்கிறது என்று காட்டணும். பெரும்பாலான கட்டுரைகள் அந்த ஒப்பீட்டையே செய்வதில்லை.

எனக்குப் பிடித்தது இத்தாலியில் அர்திசினோ குழு முன்வைத்த கணக்கு. ஹெச்.யூ.எஸ். தொடங்கும்போது ஹீமோகுளோபினோடு கிரியேட்டினினின் இரு மடங்கைக் கூட்டுங்கள். 13-க்கு மேல் போனால் மோசமான போக்குக்கு வாய்ப்பு அதிகம். பார்த்தால் தலைகீழாகத் தோன்றும். சிவப்பணு உடையும் நோயில் ஹீமோகுளோபின் குறைவாக இருப்பதுதானே கெட்டது? ஹீமோகுளோபின் 8, கிரியேட்டினின் 2 என்றால் கூட்டுத்தொகை 12. ஹீமோகுளோபின் 12, கிரியேட்டினின் 1 என்றால் 14. பார்வைக்குத் தெம்பாக இருக்கும் இரண்டாவது பிள்ளைக்குத்தான் ஆபத்து! காரணம், அங்கே ஹீமோகுளோபின் சொல்வது ரத்தம் கெட்டியாகியிருப்பதை, உடலில் நீர் வற்றியிருப்பதை. நுண்குழாய்கள் ஏற்கெனவே அடைபடும் வேளையில் கெட்டியான ரத்தம் இன்னும் கெடுக்கிறது. இந்த எண் செய்ய வேண்டியதையும் கூடவே சொல்லிவிடுகிறது: நரம்பு வழியே உப்புநீர் ஏற்று. ஆஞ்சியோபொயட்டின் ஏறியிருக்கிறது என்று தெரிந்தால் நர்ஸ் என்ன செய்வார்?

செய்வதற்கு ஒன்றும் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு 2011 ஜெர்மனி சாட்சி. நம்ம வெந்தயம்தான், முளைகட்டிய வெந்தயம். 3,842 பேருக்கு நோய், 855 பேருக்கு ஹெச்.யூ.எஸ்., ஐம்பதுக்கு மேல் சாவு. அந்த நெருக்கடியில் ஒப்பீட்டுக் குழு இல்லாமலே பலருக்கு எக்குலிசுமாப் கொடுத்தார்கள். மருந்து உதவியதா என்று அந்தத் தரவிலிருந்து சொல்ல முடியவில்லை. பிறகு பிரான்சில் 100 குழந்தைகளிடம் முறையாகச் சோதித்து 2023-ல் வெளியிட்டார்கள். டயாலிசிஸ் நாட்கள் குறையவில்லை. காம்ப்ளிமென்ட் குறியீடுகள் ஏறியிருந்தன என்ற கட்டுரைகள்தான் அந்த மருந்துக்குப் பாதை போட்டவற்றில் சில. குறியீடு ஏறுவது வேறு, அதை அடக்கினால் நோய் அடங்கும் என்பது வேறு.

இதெல்லாம் மேலைநாட்டு மாட்டிறைச்சி விவகாரம் என்று ஒதுக்கவும் முடியாது. 1978-லேயே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் ஷிகெல்லா சீதபேதிக்குப் பின் தென்னிந்தியக் குழந்தைகளுக்கு ஹெச்.யூ.எஸ். வருவதைப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியிருக்கிறார்கள். நச்சு கிட்டத்தட்ட அதேதான், கிருமி வேறு. அங்கே சரிவராத குறியீட்டை "ஷிகா நச்சு" என்ற பொதுப் பெயரை வைத்து இங்கே தள்ளிவிட முடியாது. அடுத்த கட்டுரை எழுதுகிறவர் ஒரே ஒரு அட்டவணை கூடுதலாகப் போடட்டும்: பேதி தொடங்கிய மூன்றாம் நாள், வெள்ளையணுவும் பிளேட்லெட்டும் கிரியேட்டினினும் ஒரு பக்கம், அவற்றோடு புதுக் குறியீடும் சேர்ந்தது மறுபக்கம். அதைப் பார்த்துவிட்டு மீதியைப் படிக்கிறேன்.