இல்லையும் அல்லவும்

திருவையாற்றுப் பக்கம் வாய்க்கால் கரையில் நிற்பவர் "ஆத்துத் தண்ணி இல்லீங்க" என்றால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. ஆற்றிலிருந்து தண்ணீரே வரவில்லை என்பது ஒன்று. ஓடுகிற தண்ணீர் ஆற்றினுடையதல்ல, போர்செட் இறைத்தது என்பது இன்னொன்று. கூட நிற்பவருக்குக் குழப்பம் வராது. வாய்க்கால் கண்முன்னே இருக்கிறது. அதே வாக்கியம் செய்தித்தாளில் அச்சேறினால்தான் சிக்கல். எழுத்துத் தமிழ் இதற்கென்றே 'ஆற்றுத் தண்ணீர் இல்லை', 'ஆற்றுத் தண்ணீர் அல்ல' என்று இரண்டு வைத்திருக்கிறது. முன்னது இன்மை, பின்னது அன்மை. பேச்சில் இரண்டையும் 'இல்லை' எடுத்துக்கொண்டுவிட்டது. எழுத்திலும் எடுத்துக்கொண்டு வருகிறது. இதை ஏற்கலாமா என்பதே கேள்வி.

'இல்லை' பார்க்கிற வேலைகள் ஏராளம். 'சாக்கு இல்ல' என்று பொருளின் இன்மையைச் சொல்லும். 'மேட்டூர் இன்னும் திறக்கல' என்பதில் தேய்ந்து வினைக்குள் ஒட்டிக்கொள்ளும். 'அறுப்பு முடிஞ்சிருச்சு, இல்ல?' என்று ஒப்புதல் கேட்கும். 'இல்ல, நான் என்ன சொல்றேன்னா' என்று மறுக்கிற எண்ணமே இல்லாதவரும் அதை வைத்துத்தான் பேச்சைத் தொடங்குகிறார். இவற்றில் எதையும் நான் குறையாகக் கருதவில்லை. 'திறக்கவில்லை' என்பது காலம் காட்டாது. அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 அன்று திறக்கவில்லையா, இன்றுவரை திறக்கவில்லையா என்ற ஐயம் எழும். ஆனால் 'இன்னும்' என்ற ஒரு சொல் அதைத் தீர்த்துவிடுகிறது.

வீட்டுக்குள் ஒரு வழக்கத்தைக் கவனிக்க வேண்டும். அரிசிப் பானை காலியானால் பெரியவர்கள் 'அரிசி இல்லை' என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'அரிசி நிறைஞ்சிருக்கு' என்பார்கள். இலக்கணம் இதை மங்கலம் என்று பெயரிட்டுத் தகுதி வழக்கில் சேர்க்கிறது. அதே பாட்டி கடைக்காரரிடம் 'இது பொன்னி அரிசி இல்லப்பா' என்று கூசாமல் சொல்வார். சொல் ஒன்றுதான், ஆனால் இன்மைக்கு அஞ்சுகிற வாய் அன்மைக்கு அஞ்சுவதில்லை. பேச்சில் 'அல்ல' போய்விட்டாலும் பேசுபவர் மனத்தில் அந்த வேறுபாடு அழியவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இனி எழுத்துக்கு வருவோம். ஒருமைக்கு 'அன்று', பன்மைக்கு 'அல்ல', உயர்திணைக்கு அல்லன், அல்லள், அல்லர் என்று பிரித்தே எழுத வேண்டும் என்பது மரபுப் புலவர்களின் கட்சி. இலக்கணப்படி அவர்கள் சொல்வது சரி. ஆனால் 'அது விடுமுறை அன்று' என்று எழுதிப் பாருங்கள். விடுமுறை நாளில் என்றுதான் கண் படிக்கும். தெளிவுக்காகக் காக்கப்படும் வடிவமே மயக்கம் தருகிறது. 'இல்' என்ற அடியிலிருந்தும் இலன், இலள், இலர், இன்று என்று இதே போன்ற வரிசை இருந்தது. உரைநடையில் அது போய்விட்டது, யாரும் வருந்தவில்லை. 'வேறு, இல்லை, உண்டு' ஆகியவை ஐம்பால் மூவிடத்துக்கும் பொது என்று 13-ஆம் நூற்றாண்டின் நன்னூலே இசைவு தந்திருக்கிறது. இல்லைக்கு அன்று கிடைத்த உரிமையை அல்லவுக்கு இன்று மறுக்க நான் ஒரு காரணமும் காணவில்லை.

எதிர்க்கட்சிக்காரர்கள், பேச்சில் இல்லாத 'அல்ல' எழுத்தில் எதற்கு என்கிறார்கள். இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பேச்சுக்குக் குரல் உண்டு, கைகாட்டல் உண்டு, திருப்பிக் கேட்க ஆளும் உண்டு. எழுத்துக்கு இவை எதுவும் கிடையாது. இரண்டும் தனித்தனி ஒழுங்குடையவை என்பதைக் கண்டு வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஒன்றும் கொடுந்தமிழுக்கு ஒன்றுமாக இலக்கணம் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் இதே காவிரிக் கடைமடையில், தரங்கம்பாடியில் அச்சானது. அக்கம்பக்கத்தையும் பாருங்கள். மலையாளம் வினைகளில் திணை, பால், எண் விகுதிகளையெல்லாம் விட்டுவிட்டது. ஆனால் அல்ல, இல்ல என்ற பிரிவைப் பேச்சிலும் விடவில்லை. தெலுங்கில் காது, லேது. விகுதி போவது வேறு, பொருள் வேறுபாடு போவது வேறு என்று இந்த மொழிகள் காட்டுகின்றன.

டெல்டாவில் இது ஏட்டுப் பிரச்சினையும் அல்ல. 'நெல் அல்லாத பயிர்' என்றால் உளுந்து, பயறு, எள், பருத்தி. 'நெல் இல்லாத வயல்' என்றால் தரிசாகக் கிடக்கலாம், அறுப்பு முடிந்திருக்கலாம். ஓர் உத்தரவில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று விழுந்தால் பொருளே மாறிவிடும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிய நெல்லைப் பற்றி 'எடுக்க முடியாது', 'எடுக்க மாட்டோம்', 'எடுக்கக் கூடாது' என்று மூன்று விதமாகச் சொல்லலாம். ஒன்று இயலாமை, ஒன்று மறுப்பு, ஒன்று விதி. எந்தச் சொல் வந்தது என்பதைப் பொறுத்து, அடுத்து யாரிடம் போய் முறையிடுவது என்று விவசாயி முடிவு செய்கிறார். எதிர்மறையில் இவ்வளவு நுட்பம் பார்க்கிற மொழியில் அன்மையை மட்டும் கைவிடுவது வீண் இழப்பு.

ஆகவே என் தீர்ப்பு இது: எழுத்தில் 'அன்று' போகலாம். 'அல்ல' எல்லாத் திணைக்கும் எண்ணுக்கும் பொதுவாகட்டும். பள்ளித் தேர்வில் அதற்காக மதிப்பெண் குறைப்பதை ஆசிரியர்கள் நிறுத்த வேண்டும். ஆனால் 'அல்ல' வரவேண்டிய இடத்தில் 'இல்லை' என்று எழுதுவதைச் செய்தி எழுதுகிறவர்களும் அரசாணை வரைகிறவர்களும் பிழையென்றே கருதித் திருத்த வேண்டும்.