பங்கின் கனமும் வாக்கின் உரிமையும்

எந்த ஒரு நிறுவனத்திற்கும் அடங்காத சமூகத் தளங்களில் உறுப்பினரே ஆட்சியாளர் என்று கூறுவார் இந்நாளில் பலர். இக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதனை ஸ்டீம் தளத்தின் வரலாறு கொண்டு ஆராய்வாம்.

2016இல் தொடங்கிய ஸ்டீமில், எழுதுவோரும் எழுத்தை மதிப்பிடுவோரும் நாணயவில்லைகள் பெற்றனர். அவற்றை வைப்பாக இட்டோர், கணக்கேட்டைக் காக்கும் ‘சாட்சி’களைத் தேர்ந்தனர். முதல் 20 சாட்சிகளின் கையிலேயே விதிமாற்றம் இருந்தது. வைப்பு எவ்வளவோ அவ்வளவே வாக்கின் கனம்.

வாக்கு என்பது வாய்ச்சொல். வாக்குக் கொடுத்தான், வாக்குத் தவறினான் என்கிறோம். பணப்பைக்கு வாயேது? பங்கின் எடைக்கு வாக்கு என்று பெயரிட்டதே மயக்கத்தின் தோற்றுவாய் என்பது என் துணிபு.

2020 பிப்ரவரியில் ஜஸ்டின் சன் என்பார் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். அதன் பெருவைப்பும் அவர்வசமாயிற்று. அஞ்சிய சாட்சிகள் அவ்வைப்பை முடக்கினர். பொது வாக்கெடுப்பின்றிப் பிறர் உடைமையை முடக்கிய அச்செயலும் குறையுடையதே. மார்ச் 2ஆம் நாள் பைனான்ஸ், ஹுவோபி, பொலோனியெக்ஸ் ஆகிய நாணயமாற்று நிலையங்கள், வாடிக்கையாளர் நம்பி ஒப்படைத்த வில்லைகளைக் கொண்டே வாக்களித்தன. 20 சாட்சிகளும் வீழ்ந்தனர்.

ஒருவர்கூட எஞ்சாதது எங்ஙனம்? ஒருவர் 30 சாட்சிகள்வரை வாக்களிக்கலாம். ஒவ்வொருவர்க்கும் முழுக்கனமும் செல்லும். நூற்றில் 51 பங்குடைய அணி 20 இடத்தையும் கொள்ளும். 49 பங்குடைய அணிக்கு ஓரிடமும் இல்லை. கனத்தைப் பகிர்ந்தே அளிக்க வேண்டும் என விதித்திருந்தால், 49 பங்குடையாரும் ஒற்றுமையாய் நின்று 10 இடம் பெற்றிருப்பர். மாணவரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

1960இல் துன் சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் நம் தோட்டத் தொழிலாளர் பங்கு வாங்கினர். பங்கு பலவாயினும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பதே கூட்டுறவு நெறி. அதனையே தளத்திலும் கொள்ளலாகாதோ எனின், எளிதன்று. சங்கத்தில் உறுப்பினர் பதிவேடு உண்டு, ஆளை அறிவர்; தளத்திலோ ஒருவரே நூறு பெயர் புனையலாம். பங்கை அளவுகோலாக்கியோர் இத்தடையைக் கருதியே அவ்வாறு செய்தனர். அஃது அறியாமையன்று. ஆயினும் கனத்தைப் பகிரச் செய்ய அது தடையன்று.

எதிர்த்தோர் மார்ச் 20ஆம் நாள் பிரிந்து ஹைவ் என்னும் தளம் கண்டனர். ஸ்டீமிட்டின் வைப்பை அங்கே சேர்த்திலர். புதிதாய் இட்ட வைப்பு 30 நாள் கழிந்த பின்னரே சாட்சிகளைத் தேர வாக்காகும் என்று பின்னர் விதித்தனர். ஒருவர்க்கு 30 வாக்கு, ஒவ்வொன்றிற்கும் முழுக்கனம் என்னும் பழைய விதியை மட்டும் அவர்களும் தொட்டிலர்.