32-க்கும் 8-க்கும் நடுவே

சிம்ஃபனியில் லிஸனர் பதிவு செய்வதைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள்: சப்ஸ்கிரைபர் கிளாஸ் எழுதுகிறவர்கள், மெத்தட் தலையில் அட்ரிப்யூட் வைக்கிறவர்கள். அந்தச் சண்டையில் எனக்கும் ஒரு பக்கம் உண்டு, பிறகு வருகிறேன். என் ருசி வேறிடத்தில் இருக்கிறது. ‘ஆட் லிஸனர்’ மூன்றாவதாகக் கேட்கிறதே ஒரு ஆர்குமென்ட், அந்தப் பிரையாரிட்டி எண்ணில். எந்த ஈவென்ட், எதைக் கூப்பிட வேண்டும் என்ற முதல் இரண்டையும் யாரும் எழுதிவிடலாம். பிசகினால் அன்றைக்கே தெரிந்துவிடும். மூன்றாவதைச் சரியாக எழுத, அதே ஈவென்ட்டுக்குக் காத்திருக்கும் மற்ற அத்தனை பேரையும் அறிந்திருக்க வேண்டும். எழுதியவரின் தரம் அந்த ஒரு எண்ணில் வெளிப்பட்டுவிடும்.

‘டீபக் ஈவென்ட் டிஸ்பாட்சர்’ கமாண்டை ‘கெர்னல் ரிக்வெஸ்ட்’டுக்கு ஓட்டினால் டெர்மினலில் ஓர் அட்டவணை விழும். அவசரமில்லாமல் அதை மேலிருந்து கீழே படிக்க எனக்குப் பிடிக்கும். உச்சியில் 2048, டீபக் ஹேண்ட்லர்ஸ். 256-ல் வேலிடேட் ரிக்வெஸ்ட். 128-ல் செஷன். 48-ல் ஃபிராக்மென்ட். பிறகு 32-ல் ரவுட்டர், 16-ல் லொகேல், 8-ல் ஃபயர்வால். 1, 2, 3 என்று நெருக்கி அடுக்கியிருந்தால் நாம் நுழைய இடமே இருந்திருக்காது. 32-க்கும் 16-க்கும் நடுவே 15 எண்கள் காலியாகக் கிடக்கின்றன. பின்னால் வரப்போகிற, முகம் தெரியாத ஒருவருக்காக விட்டுவைத்த இடமாகவே அதைப் பார்க்கிறேன்.

இந்த வரிசையில் என் அபிமானம் லொகேல் லிஸனர்மீதுதான். ரவுட்டரையும் ஃபயர்வாலையும் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். இதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. அதன் ‘கெட் சப்ஸ்கிரைப்ட் ஈவென்ட்ஸ்’ மெத்தட் சில வரிதான். அதற்குள் ஒரே ஈவென்ட்டுக்கு இரண்டு முறை பெயர் கொடுத்திருக்கிறது: 100-ல் ‘செட் டீஃபால்ட் லொகேல்’, 16-ல் ‘ஆன் கெர்னல் ரிக்வெஸ்ட்’. 16-ஐ ஒட்டி, ரவுட்டருக்குப் பின்னால்தான் இது பதிவாக வேண்டும் என்று காரணத்தோடு ஒரு சின்ன கமென்ட். ‘டிஏ’ என்று தொடங்கும் முகவரி தமிழ்ப் பக்கத்துக்கானது என்பது, ரவுட்டர் வழியைப் பொருத்தி முடித்த பிறகுதானே தெரியும்? ஆகவே 32-க்குக் கீழே நின்றாக வேண்டும். ஆனால் வழி கிடைக்காமல் ரவுட்டரே 404 எக்ஸெப்ஷனை எறிந்துவிட்டால் 16-ன் முறை வரவே வராது. அப்போது 100-ல் ஓடிய முதல் மெத்தட் காப்பாற்றுகிறது. கான்ஃபிகில் சொன்ன இயல்பு மொழியை அது ஏற்கெனவே ரிக்வெஸ்ட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கும். பிழைப்பக்கம் எந்த மொழியில் பேசுவது என்று தெரியாமல் விழிக்காது. ஒரே கிளாஸ், தெரியாத நேரத்துக்கு ஒரு பதில், தெரிந்த பிறகு ஒரு பதில். இதைவிடச் சிக்கனமாக யாராவது எழுதியிருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

மூன்றாவதாக ஒரு பதிவும் உண்டு, ‘ஃபினிஷ் ரிக்வெஸ்ட்’ ஈவென்ட்டில். ஒரு பக்கத்துக்குள் சப் ரிக்வெஸ்ட் வேறு மொழியில் ஓடி முடிந்தால், தாய் ரிக்வெஸ்ட்டின் மொழியை ரவுட்டரின் கான்டெக்ஸ்ட்டில் திரும்ப எடுத்து வைக்கிறது. இல்லாவிட்டால் அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் உருவாகும் லிங்க்கெல்லாம் தடம் மாறிப்போகும். இதன் நிழல்போல ஒட்டி நிற்பது 4.3 பதிப்பில் வந்த லொகேல் அவேர் லிஸனர். டிரான்ஸ்லேட்டர் போன்றவற்றுக்கு மொழியைச் சொல்லிவிடுவது அதன் வேலை. ரிக்வெஸ்ட்டில் அதன் இடம் 15, முடியும்போது -15. உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் லொகேல் லிஸனருக்குப் பின்னால்தான் நடக்கும். அந்த 15, -15 ஜோடியை எழுதியவருக்கு வரிசை முழுவதும் கண்முன் இருந்திருக்கிறது.

ஃபயர்வால் ஏன் 8? லாகின் செய்யாத ஒருவர் தமிழ்ப் பகுதியின் உள்பக்கம் ஒன்றுக்கு வருகிறார். ஃபயர்வால் அவரை லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும். அந்த முகவரியை உருவாக்கும்போது மொழி ஏற்கெனவே ரவுட்டர் கான்டெக்ஸ்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, 16-ல் லொகேல் லிஸனர் வைத்துவிட்டுப் போனது. அதனால் தமிழ் லாகின் பக்கமே திறக்கும். ஃபயர்வால் தடுத்த கணத்தில் ஈவென்ட் அங்கேயே நின்றுவிடும். அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்த ரிக்வெஸ்ட் வந்ததே தெரியாது. 0-ல் உட்கார்ந்து வருகையைக் கணக்கெடுக்கும் லிஸனர், திருப்பி அனுப்பப்பட்டவர்களை எண்ணாது. எண்ண வேண்டுமா, வேண்டாமா என்று யோசித்துவிட்டு எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 404 பக்கத்தில் லாகின் செய்தவரின் பெயர் காணாமல் போவதும் இதே கதைதான். 32-ல் விழுந்தது 8 வரை வந்து சேர்வதில்லை.

காலி இடத்தை அழகாகப் பயன்படுத்தியதற்கு எடுத்துக்காட்டு சிம்ஃபனியின் ஆவணத்திலேயே இருக்கிறது. பயனர் தேர்ந்தெடுத்த மொழியை செஷனில் வைத்து அடுத்தடுத்த பக்கங்களுக்கும் கொண்டுபோக ஒரு சப்ஸ்கிரைபர். அதற்குக் கொடுத்த எண் 20. ரவுட்டர் முடிந்திருக்கும், லொகேல் இன்னும் தொடங்கியிருக்காது. செஷன் 128-லேயே தயார். மொழி பயனரின் கணக்கில், டேட்டாபேஸில் இருந்தால்? அது யார் என்பது 8-ல்தான் தெரியும், லொகேல் 16-லேயே முடிந்துவிடும். கைபழகாதவர் இந்த இடத்தில் எண்களை இழுத்துப் பறிக்க ஆரம்பிப்பார். ஆவணம் சொல்லும் வழி வேறு. லாகின் வெற்றி ஈவென்ட்டுக்கு இன்னொரு லிஸனர். அது மொழியை செஷனில் எழுதிவிட்டுப் போகும். அடுத்த ரிக்வெஸ்ட்டில் 20-ல் இருப்பது அதைப் படித்துக்கொள்ளும். யாருடைய இடத்தையும் அசைக்கவில்லை. எனக்கு இது ஒவ்வொரு முறையும் இனிக்கிறது.

இந்த அட்டவணையைப் படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பழைய அலுவலகத்தில் இருந்த ஒரு சீனியர். ரிவ்யூவுக்கு வரும் கோடில் எண் தனியாக நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார். ‘யாருக்குப் பின்னே, யாருக்கு முன்னே, ஏன்னு பக்கத்துல எழுதுப்பா’ என்பது அவர் வழக்கம். ‘வர் கேஷ்’ ஃபோல்டருக்குள் தொகுத்து வைத்திருக்கும் கண்டெய்னர் ஃபைலைத் திறந்து, ஒவ்வொரு லிஸனரும் ஒரு குளோஷருக்குள் சுருண்டு, கடைசியில் அதன் எண்ணோடு வரிசையாக நிற்பதைக் காட்டுவார். ஈவென்ட் எழும்வரை அந்த ஆப்ஜெக்ட் பிறப்பதில்லை. எழுந்ததும் டிஸ்பாட்சர் ‘கேஆர்சார்ட்’ போட்டுப் பெரிய எண்ணிலிருந்து கூப்பிடத் தொடங்குகிறது. எண் சமமானால், யார் முதலில் பதிவானாரோ அவர் முதலில். ஆட்டோகான்ஃபிகர் வந்த பிறகு அந்தப் பதிவு வரிசை சர்வீஸ்கள் ஏறும் வரிசையாகிவிட்டது. ஒரு கிளாஸின் பெயரை மாற்றினால்கூட முன்பின் மாறக்கூடும். அவர் அதற்காகவே சம எண்களை அனுமதித்ததில்லை.

இன்றைக்குக் கைக்கு வரும் புராஜெக்ட்களைத் திறந்தால் 9999, -9999, இன்னும் துணிந்தவர்களிடமிருந்து ‘பிஎச்பி இன்ட் மேக்ஸ்’. அட்டவணையைப் பார்க்கவே இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ‘எல்லோருக்கும் முன்னால்’ என்று எழுதுகிறவருக்கு யாருக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பதே தெரியாது. ஒரு புராஜெக்ட்டில் இரண்டு பேர் இப்படி உச்சத்துக்கே போய் உட்கார்ந்திருந்தார்கள். இருவரில் யார் முதல் என்பதைக் கடைசியில் ஃபைல் பெயர்தான் முடிவு செய்தது. அங்கே தேவைப்பட்டது ரவுட்டருக்கு மேலே ஓர் இடம். 33 போதும்.

இந்த எண்ணே கூடாது என்கிற கட்சியை நான் மதிக்கிறேன். லாராவெல் 2017 ஜனவரியில் 5.4 பதிப்பில் பிரையாரிட்டியை எடுத்தேவிட்டது. அது தேவைப்படுகிறது என்றாலே ஈவென்ட்டைத் தவறாகப் பயன்படுத்துகிறீர்கள் என்பது அவர்கள் வாதம். ஆர்டர் பதிவானதும் மெயில் போவதற்கும் ஸ்டாக் குறைவதற்கும் முன்பின் பார்க்கக் கூடாது என்றால் ஒத்துக்கொள்கிறேன். அங்கே நானும் எண் எழுதுவதில்லை. ஆனால் ஒரு ரிக்வெஸ்ட் உள்ளே வந்து பதிலாக மாறும் பாதை அப்படியில்லை. அங்கே வரிசைதான் பொருள். வேர்ட்பிரஸ்காரர்களுக்கோ 2004-ல் வந்த 1.2 பதிப்பிலிருந்து ஹூக் பழக்கம்; அவர்களிடம் சிறிய எண் முதலில் ஓடும், சொல்லாவிட்டால் 10. பழகியவர்களுக்கு அது இயல்புதான். எனக்கு 0 நடுவில் நின்று இரண்டு பக்கமும் சமமாக விரிவதுதான் பிடிக்கிறது. கூட்டல் பக்கம் முந்துகிறவர்கள், கழித்தல் பக்கம் கடைசியில் கூட்டிப் பெருக்குகிறவர்கள். ‘கெர்னல் ரெஸ்பான்ஸ்’ ஈவென்ட்டில் புரொஃபைலர் -100, டூல்பார் -128 என்று நிற்பதைப் பார்த்தாலே பக்கத்தின் வேலை முடிந்துவிட்டது என்று புரிகிறது.

2019-ல் ஏற்கப்பட்ட பிஎஸ்ஆர்-14 வரிசையைப் பற்றித் தீர்ப்பு சொல்லாமல் லிஸனர் புரொவைடரிடம் விட்டுவிட்டது. அதன் எடிட்டர் லேரி கார்ஃபீல்டின் டூக்கியோ லைப்ரரியில் ‘இன்னாருக்கு முன்’, ‘இன்னாருக்குப் பின்’ என்றே பதிவு செய்யலாம். எண்ணையும் வைத்திருக்கிறார்கள். என் சீனியர் கேட்ட கமென்ட் அங்கே கோடாகவே மாறிவிட்டது என்பதால் எதிர்த்துப் பேச மனம் வரவில்லை. ஆனாலும் பட்டியல் நீளும்போது, யார் எங்கே என்று ஒரே பார்வையில் படிக்க எண் போல வராது.

இரண்டையும் சேர்த்துக் கட்டியவர்கள் ஏபிஐ பிளாட்ஃபார்ம்காரர்கள், கெவின் டங்லாஸ் தொடங்கியது. அவர்களுடைய ரீட் லிஸனர் 4-ல், டீசீரியலைஸ் 2-ல். மேலே 32, 16, 8 என்று இறங்கி வந்த படிகள் அப்படியே 4, 2 என்று தொடர்கின்றன. ஃபயர்வால் அனுமதித்த பிறகே டேட்டாவைத் தொடுகிறார்கள் என்பது எண்ணிலேயே எழுதியிருக்கிறது. ‘கெர்னல் வியூ’ ஈவென்ட்டிலும் 64, 32, 16, 8: சரிபார், எழுது, சீரியலைஸ் செய், பதில் கொடு. நமக்கு எண்ணைக் கொடுப்பதில்லை, பெயர் கொடுக்கிறார்கள். ‘பிரீ ரைட்’ என்றால் 33, ‘போஸ்ட் ரைட்’ என்றால் 31. ஒன்று மேலே, ஒன்று கீழே. அந்தக் கான்ஸ்டன்ட் பட்டியலை முதலில் பார்த்தபோது எழுந்து போய்ப் பக்கத்து சீட்டுக்காரரைக் கூட்டிவந்து காட்டினேன்.

அட்ரிப்யூட் விஷயத்துக்கு வருகிறேன். 2021-ல் சிம்ஃபனியின் 5.3 பதிப்பில் ‘ஆஸ் ஈவென்ட் லிஸனர்’ வந்தது; ஒரே மெத்தட் உள்ள கிளாஸுக்கு அது போதும். ஆனால் லொகேல் லிஸனரை அதில் எழுதிப் பாருங்கள். 100, 16, 0 மூன்றும் ஃபைலில் மூன்று மூலைக்குப் போய்விடும். சப்ஸ்கிரைபரில் அவை ஓர் அரேயில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதால்தான் அந்தக் கிளாஸின் யோசனை புரிகிறது. இரண்டாவது எண் தேவைப்படும் நிமிடமே நான் சப்ஸ்கிரைபருக்குப் போய்விடுவேன்.

பண்டில் எழுதி வெளியிடுகிறவர்களிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இன்ஸ்டால் செய்வது எப்படி, கான்ஃபிக் எப்படி, லோகோ எப்படி என்று ரீட்மீயில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். தங்கள் லிஸனர் எந்த ஈவென்ட்டில் எந்த எண்ணில் உட்காருகிறது என்பதைத் தேடிச் சோர்ஸுக்குள் இறங்க வேண்டியிருக்கிறது. அந்த எண்ணை அடுத்த பதிப்பில் மாற்றினால் சேஞ்ச்லாகில் ஒரு சொல்லும் இருப்பதில்லை; நம்முடைய 20 திடீரென்று அவர்களுக்குப் பின்னால் போய்விடுகிறது, டெஸ்ட் எல்லாம் பச்சையாகவே இருக்கும். மெத்தட் பெயர் மாறினால் மேஜர் பதிப்பு என்கிறவர்கள், எண் மாறினாலும் அப்படியே நடத்த வேண்டும்.