‘ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்’: நம்பலாமா?

பி.எம்.டபிள்யூ கார்கள் பலவற்றில் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயிலுக்கு சர்வீஸ் அட்டவணையில் கெடுவே கிடையாது. வண்டி ஓடும்வரை அதே ஆயில் போதும் என்பது கம்பெனியின் நிலை. அந்தக் கியர் பாக்ஸைச் செய்து கொடுப்பது ஜெர்மனியின் இசட்எஃப். அவர்களோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறார்கள். அவ்வளவு ஓடாத வண்டியானாலும் 8 ஆண்டுக்குள் மாற்ற வேண்டுமாம். பெட்டி ஒன்றுதான், ஆயிலும் ஒன்றுதான். செய்தவர் ஒன்று சொல்ல, விற்றவர் வேறொன்று சொல்கிறார்.

இருவருக்குமே இதில் ஆதாயம் உண்டு. இசட்எஃப் தன் பெயரிலேயே ஆயிலும் மாற்று கிட்டும் விற்கிறது. கார் கம்பெனிக்கோ பராமரிப்புச் செலவைக் குறைத்துக் காட்டினால் விற்பனைக்கு நல்லது. ஐரோப்பாவில் குத்தகைக்கு எடுப்பவர் மூன்று நான்கு ஆண்டில் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். ஒன்றரை லட்சம் கிலோமீட்டரில் கியர் பாக்ஸ் உதறத் தொடங்கினால் அது இரண்டாம் கை, மூன்றாம் கை உரிமையாளரின் பாடு. எனவே யார் சொன்னார் என்பதை விட்டுவிட்டு, ஆயிலுக்கு உள்ளே என்ன நேர்கிறது என்று பார்ப்பதுதான் முறை.

கம்பெனி தரப்பில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. எஞ்சின் ஆயிலில் கலப்பதுபோல இதில் எரிபொருளும் கரியும் கலப்பதில்லை. இன்றைய செயற்கை ஆயில்கள் பழையவற்றைவிட நெடுநாள் உழைக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் ஆயில் கெடுவதற்கு வெளியிலிருந்து அழுக்கு வந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. ஆட்டோமேட்டிக்கில் இந்த ஆயில்தான் பல்சக்கரங்களைக் காக்கிறது, சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது, அழுத்தமேறி கிளட்சுகளை இறுக்குகிறது, டார்க் கன்வெர்ட்டரில் எஞ்சினின் இழுவையையும் கடத்துகிறது. கிளட்ச் எந்த நொடியில் எவ்வளவு வழுக்கிப் பிறகு கவ்வ வேண்டும் என்பதுகூட அதில் கலந்த உராய்வுச் சேர்மானங்களைப் பொறுத்தது. இந்தச் சேர்மானங்கள் செலவாகிக்கொண்டே வருபவை. சூடு 10 டிகிரி ஏறினால் ஆயில் ஆக்சிஜனேற்றமாகும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. கிளட்ச் தட்டுகளிலிருந்து தேயும் தூளும் ஃபில்ட்டரில் சிக்கியது போக மீதி அதே ஆயிலில்தான் சுற்றி வருகிறது.

வாகனத் தொழிலே இதில் ஒருமித்துப் பேசவில்லை. ஈர கிளட்ச் கொண்ட ஆறு கியர் டிஎஸ்ஜி என்ற தன் இரட்டை கிளட்ச் கியர் பாக்ஸுக்கு ஃபோக்ஸ்வேகன் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்கிறது. அதே கம்பெனி 2013 நவம்பரில், உலர் கிளட்ச் கொண்ட ஏழு கியர் டிஎஸ்ஜி வண்டிகள் 16 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. புழுக்கமான வெயிலில், நின்று நின்று போகும் நெரிசலில், செயற்கை ஆயில் மின்கோளாறுக்கு இடம் கொடுக்கலாம் என்பதால் அதை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றினார்கள். ஆயில் பழசாகிக் கெடுகிறது என்பதற்கு இது சான்று ஆகாது. அந்தக் கோளாறு வேறு வகை. ஆலையில் ஊற்றியது எல்லா ஊர் வெயிலுக்கும் என்றென்றைக்கும் சரி என்ற நம்பிக்கை மட்டும் இதில் அடிபடுகிறது. சென்னையில் மே மாத மதியம் சிக்னல் சிக்னலாக நகரும் வண்டிக்காரர் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

எதிர்த்தரப்பில் கார் கம்பெனியைவிட வலுவாகப் பேசுபவர் பட்டறைக்காரர். ‘ஓடின வண்டியில கை வைக்காதீங்க சார், மாத்தினா படுத்துடும்’ என்பார். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க முடியாது. அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். ஆனால் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஆயிலை நினைக்காத ஒருவர் திடீரென்று மாற்ற வருவது ஏன்? வண்டி ஏற்கெனவே ஸ்லிப் ஆகத் தொடங்கியிருக்கும். தேய்ந்துபோன கிளட்சுக்குப் புது ஆயிலால் உயிர் வராது, பழி மட்டும் ஆயில்மேல் விழும். அவர் அச்சத்தில் நியாயமான பகுதியும் உண்டு: மெஷின் வைத்து அழுத்தத்தில் ஃப்ளஷ் செய்தால் அடியில் படிந்து கிடந்த தூள் கிளம்பி ஆயிலைக் கிளட்சுகளுக்குத் திருப்பிவிடும் வால்வு பாடியின் நுண்ணிய வழிகளில் போய் அடைக்கலாம். பழைய பெட்டியில் அதைச் செய்யக் கூடாது என்பதே என் கருத்தும்.

பொறுமையாக வடித்து ஊற்றுவதே சரியான வழி. இசட்எஃப்பின் எட்டு கியர் பெட்டியில் மொத்தம் 8, 9 லிட்டர் ஆயில் பிடிக்கும். வடித்தால் எல்லாம் வராது, டார்க் கன்வெர்ட்டரில் ஒரு பகுதி தங்கிவிடும். பல மாடல்களில் அடித்தட்டு பிளாஸ்டிக், ஃபில்ட்டர் அதோடு சேர்ந்தே வரும், எனவே தட்டையே மாற்ற வேண்டும். முதலில் நிரப்பும் திருகு கழல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வடிக்கும் திருகைத் தொட வேண்டும். வடித்த பிறகு மேல் திருகு அசையவில்லையென்றால் வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான். அளவு பார்க்க டிப்ஸ்டிக் கிடையாது. எஞ்சின் ஓட, ஆயில் 30 முதல் 50 டிகிரி சூட்டில் இருக்க, திருகு வாயில் வழியும் அளவே அளவு. கழற்றிய தட்டின் காந்தங்களைத் துடைப்பதற்கு முன் பார்க்க வேண்டும். குழைத்த விபூதிபோல் சாம்பல் பசை ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் சில்லுகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது.

ஆக, ‘ஆயுள் முழுக்க’ என்ற வாக்கு நிற்கவில்லை. ஆயுள் எத்தனை கிலோமீட்டர் என்று அது சொல்வதில்லை, எனவே பொய்த்ததாக யாரும் காட்டவும் முடியாது. இசட்எஃப்பின் கெடுவோ எண்ணோடு வருகிறது, காரணத்தோடும் பொருந்துகிறது. நம் ஊர் நெரிசலுக்கு அதன் கீழ் வரம்பான 80,000-ஐத்தான் எடுத்துக்கொள்வேன். பழைய வண்டி வாங்கியவர், கியர் உதறாமல் விழுகிற வரைக்கும் தயங்காமல் மாற்றலாம். ஆயில் மட்டும் அந்தப் பெட்டிக்குக் குறித்த ரகமாகவே இருக்க வேண்டும். ஸ்லிப் தொடங்கிவிட்ட வண்டியானால் ஆயிலுக்குச் செலவழிக்கும் முன் ஸ்கேனரை மாட்டிக் கோளாறு எங்கே என்று பார்க்கச் சொல்வேன்.