கேபிளின் நுனி

வீட்டுக்குக் கேமரா மாட்டும் வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் கேபிளின் நுனிதான். மேலுறையைக் கொஞ்சம் உரித்தால், ஜோடி ஜோடியாய் முறுக்கிக்கொண்டு எட்டுக் கம்பிகள் எட்டிப் பார்க்கும். சிறுமியின் சடையை அவிழ்ப்பதுபோல் முறுக்கைப் பிரித்து, கட்டைவிரலால் நீவி நீவி நேராக்க வேண்டும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. வாய் முணுமுணுக்க, விரல் அடுக்கும். நுனியைச் சீராக நறுக்கி, கண்ணாடிபோல் தெளிந்த அந்தச் சின்ன பிளக்கில் நுழைத்து, கிரிம்பிங் கருவியை அழுத்தினால் ‘டக்’கென்று ஒரு சத்தம். காதுக்கு அவ்வளவு நிறைவு! கேமராவுக்கு மின்சாரம் போவதும் படம் திரும்பி வருவதும் இந்த ஒற்றை கேபிள் வழியேதான். அவசரக்காரருக்கு இது சரிப்படாது. நான் பாழாக்கிய பிளக்குகளே ஒரு டப்பா இருக்கும்.

கோளாறு தேடுவது தனி ருசி. ஒருநாள் ராத்திரி வாசல் கேமராவில் வெள்ளை வெளேரென்று மூட்டம். ரெகார்டரை அணைத்துப் போட்டேன், கேபிளை மாற்றினேன், அசையவில்லை. ஏணி போட்டு ஏறினால், லென்ஸுக்கு முன்னால் ஒரு சிலந்தி வலை. பகலில் கண்ணுக்கே தெரியாத இழை, இருட்டில் கேமரா வீசும் அகச்சிவப்பு ஒளி பட்டு டியூப்லைட்டாக ஜொலித்திருக்கிறது. இப்போது அதற்கென்றே ஒரு பழைய பெயின்ட் பிரஷ் ஏணியோடு கட்டித் தொங்குகிறது.