சந்தேகத்தோடு ஒரு காதல்

காதல் கலந்த திகில் கதை என்றால் காதலன் மேலேயே சந்தேகம் விழ வேண்டும். ஓடி ஒளியவும் எளிதில் முடியாத மலையூராக இருக்க வேண்டும். மேரி ஸ்டூவர்ட் 1958-ல் எழுதிய ‘நைன் கோச்சஸ் வெயிட்டிங்’ நாவலில் இரண்டும் உண்டு. பிரான்சின் சவாய் மலைப்பகுதியில், சுவிஸ் எல்லைக்குப் பக்கத்தில் நடக்கும் கதை. பெற்றோரை இழந்த ஒன்பது வயது பிலிப் பெருஞ்சொத்துக்கு வாரிசு. அவனைப் பார்த்துக்கொள்ள வரும் லிண்டா, தனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதை மறைத்தே வேலையில் சேர்கிறாள். அங்கேயே நமக்குப் பதற்றம் தொற்றிவிடுகிறது. பிறகு காட்டில் எங்கிருந்தோ ஒரு துப்பாக்கிக் குண்டு. பால்கனியில் ஆட்டங்காணும் கைப்பிடிச் சுவர். சக்கர நாற்காலியில் இருக்கும் சித்தப்பா லியோன்மேல் சந்தேகப்பட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் லிண்டா மனதைப் பறிகொடுத்த அவர் மகன் ராவுலுக்கும் பிலிப்பைக் கொல்லும் இந்தச் சதியில் பங்குண்டா? அதைச் சொல்லாமலே ஸ்டூவர்ட் நம்மை இழுத்துக்கொண்டு போகிறார். பையனின் கையைப் பிடித்துக்கொண்டு லிண்டா இரவில் மலைக்காட்டில் தப்பியோடும் பக்கங்கள்தான் உச்சம். பயமும் ஏக்கமும் அங்கே ஒன்றாகவே மூச்சு வாங்குகின்றன. முடிவில் காதல் சட்டென்று கூடிவிடுவது மட்டும் எனக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை.